எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்

மலாயாவின் கெடாவில், பட்டாணி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் சுங்கைப் பட்டாணியில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் வாசகசாலை இருந்தது. அதற்கு அவர் செயலாளர். எல்லாரும் செக்ரட்டரி என்றே கூப்பிட்டோம். பெயரை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. எழுதினால், அது எந்தப் பதிவேட்டில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று எங்கிருந்தாவது கேட்பார் என்ற பயம் இந்த வயதிலும் போகவில்லை.

அவர் குணம் அதுதான். எதைக் கேட்டாலும் தன் வாயால் பதில் சொல்ல மாட்டார். யாராவது ஏதாவது சொன்னால், "எந்தப் புத்தகம், எந்தப் பக்கம்?" என்பார். ஒருமுறை தொப்பலாக நனைந்துபோய் மாடி ஏறினேன். "இந்த மழை இன்னிக்கு நிக்காது போலிருக்கு சார்" என்றேன். சன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்படி ஒரு கருத்து இருக்கு" என்றார்.

ஒல்லியான மனிதர். ரப்பர் வாங்கும் கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரன் வந்து கடை மூடிய பிறகும் அதே வெள்ளைக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு வருவார். பித்தான்கள் போன இடத்தில் ஊக்குகள் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டார் நல்ல பெண் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருப்பார் என்பது டிரஸரின் ஊகம்.

நான் அப்போது கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். டிரஸர் என்பவர் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவர். எங்கள் இருவரையும் செக்ரட்டரி, ஜப்பான் சண்டைக்கு முன்பே ஒரு ஏற்பாட்டில் மாட்டிவிட்டிருந்தார்.

ஏற்பாடு இதுதான். வாசகசாலையில் நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. என் பள்ளிக்கூட அலமாரியில் முப்பது. டிரஸரிடம் தடித்த வைத்தியப் புத்தகம் இரண்டு. அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு கோயில் குருக்களிடம், பல வருடங்களுக்குச் சேர்த்துக் கணித்த பஞ்சாங்கம் ஒன்று. எதற்கும் போதாத இந்த நான்கு இடத்துப் புத்தகங்களையும் செக்ரட்டரி ஒரே பட்டியலாக எழுதி, நான்கு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். இனி யார் எந்த இடத்தில் என்ன கேட்டாலும், அந்தக் கேள்வியைச் சீட்டில் எழுதி, பதில் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில், புத்தகத்தின் பெயரோடும் பக்கத்தோடும் திரும்பி வரும். இதற்குப் பத்தொன்பது விதிகள் போட்டிருந்தார். முதல் விதி: பதில் சொல்பவர் தன் சொந்த மூளையிலிருந்து எதையும் சொல்லக்கூடாது.

இரண்டாவது விதி சமத்துவம் பற்றியது. எந்த இடத்துக்கும் குறை வைக்கக்கூடாது. அதனால் இருந்த ஒரே ஆங்கில-தமிழ் அகராதியை நடுவில் பிரித்து, ஏ முதல் எம் வரை வாசகசாலையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை என் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு காகிதம் கிடைக்கவில்லை. தோட்டத்தில் ரப்பர் பால் எடை போட்ட பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினோம். மரவள்ளிக்கிழங்கு வண்டி தள்ளிக்கொண்டு பட்டாணிக்குப் போய்வரும் அஞ்சலை அக்காதான் எங்கள் தபால். சீட்டுகளை வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சீட்டில் சுண்ணாம்பு எந்த மூலையில் பட்டிருக்கிறது என்பதை வைத்து, எது யாருக்கு என்று ஒருநாளும் தப்பாமல் கொடுப்பாள்.

வந்த புதிதில் அதிகாரிகள் சிலசமயம் ஆங்கிலத்தில்தான் அறிவிப்பு ஒட்டினார்கள். அப்படி ஒன்றில், ஊரிலுள்ள சைக்கிள்கள் எல்லாம் என்னவோ செய்யப்படும் என்று இருந்தது. அந்த 'என்னவோ' ஆர் எழுத்தில் தொடங்கும் சொல். ஆர் என்னிடம் இருந்தது. செக்ரட்டரி சீட்டு எழுதினார். அஞ்சலை அக்காவின் வண்டிச் சக்கரம் வழியில் உடைந்து, சீட்டு என்னிடம் வரவே மூன்று நாள் ஆயிற்று. நான் பக்கத்தைப் பார்த்து, 'அரசு கட்டாயமாக எடுத்துக்கொள்வது' என்று எழுதி அனுப்பினேன். அதற்குள் இரண்டு சிப்பாய்கள் வந்து அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் பதில் கிடைத்ததும் அவர் பதிவேட்டில் எழுதினாராம்: 'பொருள் ஏற்கெனவே விளங்கியது. இருப்பினும் நன்றி.' அன்றிலிருந்து எங்கே போனாலும் நடைதான்.

கல்யாணக் கதை இன்னும் மோசம். பட்டாணியில் ஒருவர் மகளுக்கு முகூர்த்தம் பார்க்க வந்தார். சீட்டு ரயிலில் மெர்கோங் போயிற்று. காலை ஒன்பது மணி என்று பஞ்சாங்கத்திலிருந்து பதில் வந்தது. ஆனால் அப்போது எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ மணிக்கு மாற்றி வைத்திருந்தார்கள், ஒன்றரை மணி நேரம் முன்னால். பஞ்சாங்கமோ இந்தியாவில் கணித்தது. செக்ரட்டரி ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த ஒன்பது ஜப்பான் மணி என்றால் இப்போதைய கடிகாரத்தில் ஒன்பது, பழைய மலாயா மணி என்றால் பத்தரை, இந்திய மணி என்றால் பன்னிரண்டரை என்று மூன்று பதிலை, மூன்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுத்தார்.

"இதுல எது சார் சரி?" என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார்.

"எடுத்துக் கொடுக்கிறதுதான் எங்க வேலை. தேர்ந்தெடுக்கிறது வாசகர் வேலை."

அந்த மனிதர் எதையும் விடத் துணியவில்லை. ஒன்பது மணிக்கு முதல் முடிச்சு, பத்தரைக்கு இரண்டாவது, பன்னிரண்டரைக்கு மூன்றாவது என்று மாப்பிள்ளையைப் போடச் சொல்லிவிட்டார். மூன்றரை மணி நேரம் அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்யாணமாகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரவள்ளிப் பாயசம் ஆறிப் பசையாகிவிட்டது. செக்ரட்டரி சாப்பிட்டுவிட்டு, ஏற்பாடு திருப்திகரமாக நடந்தது என்று எழுதிக்கொண்டு வந்தார்.

பிறகு ஜப்பான்காரர்கள் எங்கள் கெடாவைப் பக்கத்து நாடான சயாமுக்குக் கொடுத்துவிட்டார்கள். மளிகைக் கடைக்காரர் படியேறி வந்து, "சார், நாம இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?" என்று கவலையோடு கேட்டார். பூகோளப் புத்தகத்தின்படி ஒரு நாடு, தபால் முத்திரையின்படி ஒரு நாடு, சுவரொட்டியின்படி ஒரு நாடு என்று பதில் கிடைத்தது. கடைக்காரர் மூன்று கொடியும் தைத்து வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். சிரித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தின் நடுவில்தான் செல்லம்மாவின் சீட்டு வந்தது. கெடா சயாமுக்குப் போவதற்குச் சில மாதம் முன்னால் என்று நினைவு.

செல்லம்மா எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது அவள் வேலை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டத்துக்கு உத்தரவு வந்திருந்தது. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் வீடு வீடாகப் பேர் எழுதிக்கொண்டு போனார். மூன்று மாதம்தான், சாப்பாடு உண்டு, வீடு உண்டு, முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. செல்லம்மாவின் புருஷனுக்குப் போகலாமா, காட்டுக்குள் ஓடிவிடலாமா என்று குழப்பம். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"டீச்சர், மூணு மாசத்துல திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? உங்க பட்டாணி சாருகிட்ட எழுதிக் கேளுங்க டீச்சர். அவரு பொய் சொல்ல மாட்டாருல."

எழுதிக் கேட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. 'நான்கு இடங்களிலும் இது குறித்து நூல் இல்லை. அச்சிட்ட அறிவிப்பு ஒன்று உண்டு. அதன்படி, மூன்று மாதத்தில் திரும்புவர். ஆதாரம்: அறிவிப்பு, முதல் பக்கம்.'

நான் அதைச் செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படிக்கும்போது எனக்குள் ஏதோ உறுத்தியது. முதல் விதி நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். பட்டாணி சாரே சொல்லிவிட்டார் என்று அவள் புருஷனிடம் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை அவன் லாரியில் ஏறினான். லாரியிலிருந்து எனக்கும் கை காட்டினான்.

மூன்று மாதம் போயிற்று. ஆறு மாதமும் போயிற்று. ஒரு கடிதம் வரவில்லை. செல்லம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே நடந்து போகும்போது என் பக்கம் பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்புறம் டிரஸரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. கேள்வி இல்லை. செய்தி. சயாமிலிருந்து ஒருவர் தப்பி நடந்தே வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். அதே செய்தியைச் செக்ரட்டரிக்கும் அனுப்பியிருந்தார். செக்ரட்டரி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். மேலே சிவப்பு மையில், 'வாய்ச்சொல் ஆதாரமாகாது. விதி பதினொன்று.'

டீச்சர்கள் எல்லாரும் சனிக்கிழமை பட்டாணிக்குப் போய் ஜப்பான் பாஷை படிக்க வேண்டும் என்று உத்தரவு இருந்தது. அந்தச் சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போகாமல் நேரே மாடி ஏறினேன்.

"நோட்டீஸை எப்படி சார் ஆதாரமாப் போட்டீங்க?"

"அச்சுல இருந்தது டீச்சர்."

"அச்சடிச்சது யாரு? ஆள் பிடிக்கிறவன்தானே அச்சடிச்சான்?"

அவர் பதிவேட்டை நேராக்கி வைத்தார்.

"செத்துப் பிழைச்சு ஒருத்தர் நடந்து வந்து சொல்றாரு. அது ஆதாரம் இல்ல. ஒட்டிட்டுப் போன காகிதம் ஆதாரம். அப்படித்தானே?"

"புத்தகத்துல இல்லாததை நான் எப்படி டீச்சர்..."

"இல்லன்னா எழுதுங்க!" என்று கத்திவிட்டேன். கீழே கடையில் பேச்சு நின்றது. நான் பெரியவர்களிடம் குரல் உயர்த்திப் பேசியது அதற்கு முன்னால் கிடையாது.

அவர் விதிகள் எழுதிய தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எழுதலாம்" என்றார் மெதுவாக. "எழுதக்கூடாதுன்னு விதி இல்ல."

மறுநாளே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் 'பார்த்தது', மறுபக்கம் 'கேட்டது' என்று தலைப்பு எழுதினார். கட்டிலில் கிடந்தவருக்கு எலும்பின் மேல் தோல்தான் இருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, செக்ரட்டரி நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"இது நீங்க பார்த்ததா, கேட்டதா?"

"பார்த்தது சார்."

"எத்தனை பேரு செத்தாங்க?"

"எண்ணல சார்."

'எண்ணவில்லை' என்று எழுதினார். டிரஸருக்கு ஆத்திரம் வந்து வெளியே போய்விட்டார். ஆனால் படுத்திருந்தவர் சலித்துக்கொள்ளவில்லை. இவ்வளவு பொறுமையாக அவரை யாரும் கேட்டதில்லையோ என்னவோ. இரண்டு நாள் சொன்னார். பதினான்கு பக்கம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில் கைநாட்டு வைத்தார். அதில் 'கேட்டது' என்ற பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது.

"இப்ப புத்தகம் இருக்கு டீச்சர்" என்றார் செக்ரட்டரி.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் புதிதாக வரும் நூல்களைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று ஏழாவது விதி. சாக்கட்டியை எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போயிற்று.

"சார், இதையெல்லாம் எழுதி மாட்டினா தலை போயிரும் சார்."

"விதி இருக்கும்மா."

"வேற பேராவது போடுங்க. கோழி வளர்ப்புன்னு போடுங்க."

"அது பொய்" என்றார். பிறகு அழகாக எழுதினார்: 'புது வரவு. சயாம். பயண நூல். 14 பக்கம்.'

இரண்டு வாரத்தில் சோதனைக்கு ஒரு ஜப்பான் அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒருவர். சண்டைக்கு முன்னால் அதே ஊரில் போட்டோக் கடை வைத்திருந்த ஜப்பான்காரர். மலாய் பேசுவார், தமிழ் படிக்கத் தெரியாது. நான் வகுப்பு முடிந்து அங்கே உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் அந்த நோட்டைக் கையில் எடுத்துப் புரட்டி, என்ன புத்தகம் என்று மலாயில் கேட்டார். செக்ரட்டரிக்குப் பொய் வராது.

"சயாம்" என்றார் செக்ரட்டரி. "நம்ம ஆளுங்க ரயில் போட ஜாலான் போன கதை." மலாயில் ஜாலான் என்றால் வெறும் பயணம்தான்.

"பாகுஸ்!", ரொம்ப நல்லது, என்றார் போட்டோக்காரர். அதிகாரியிடம் ஜப்பான் பாஷையில் என்னவோ சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. நம் ரயிலைப் பற்றி மக்கள் தாங்களாகவே எழுதிப் படிப்பது மிகவும் நல்ல விஷயம், எல்லாத் தோட்டத்துக்கும் இது போக வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதிகாரி பையிலிருந்து முத்திரையை எடுத்து முதல் பக்கத்தில் ஓங்கிக் குத்தினார். செக்ரட்டரி குனிந்து வணங்கினார். அவர்கள் படியிறங்கியதும் பதிவேட்டைத் திறந்து, 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று எழுதினார். முகத்தில் சிரிப்பு இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரசு முத்திரையோடு அந்தப் பதினான்கு பக்கம் அஞ்சலை அக்காவின் வெற்றிலைப் பையில் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. அடுத்தமுறை மண்டோர் பேர் எழுத வந்தபோது எங்கள் லயத்து வீடுகளில் ஆம்பிளைகள் பாதிப் பேர் இல்லை. எல்லாரும் தப்பவில்லை. சிலரைக் காட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். சிலர் நோட்டில் இருந்ததை நம்பவில்லை. அச்சில் இல்லையே என்றார்கள். செக்ரட்டரியிடம் படித்த பாடம்.

சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனதும், மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சயாமிலிருந்து திரும்பினார்கள். செக்ரட்டரி ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தும், லாரியில் தொற்றிக்கொண்டும் போனார். யாரைப் பார்த்தீர்கள், எங்கே, எப்போது என்று கேட்டு எழுதினார். நான்கு நோட்டு நிறைந்தது. எந்தத் தோட்டத்து ஆள் எந்தப் பக்கத்தில் என்று அட்டவணை போட்டு எங்களுக்கு அனுப்பினார். இப்போது சீட்டு எழுதியவர்கள் எல்லாம் பெண்கள். ஒரே கேள்விதான்.

செல்லம்மா மட்டும் சீட்டு எழுதவில்லை.

ஒருநாள் மத்தியானம் செக்ரட்டரியே எங்கள் தோட்டத்துக்கு வந்து நின்றார். கையில் மூன்றாவது நோட்டு. என்னைக் கூட்டிக்கொண்டு செல்லம்மா வீட்டுக்குப் போனார்.

"கையெழுத்துச் சரியில்ல டீச்சர். நீங்க படிங்க."

அச்சுப் போன்ற கையெழுத்து. நான் படித்தேன். பாலிங் பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னது. கோலா கெத்தில் பக்கத்துக்காரர் ஒருவர், வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு, பெயர் தெரியாது, மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு, ஆற்றோரம் புதைத்தோம். பார்த்தது.

செல்லம்மா அழவில்லை. "தழும்பு எத்தனையோ பேருக்கு இருக்கும்" என்றாள். பிறகு, "கடைசியா ஏதாச்சும் சாப்பிட்டாரா சார்?" என்றாள்.

செக்ரட்டரி நோட்டைப் புரட்டினார். அதை அவர் கேட்டிருக்கவில்லை. பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். "கேட்டுட்டு வர்றேன்மா."

பாலிங் போய்த் திரும்ப அவருக்குப் பத்து நாள் ஆயிற்று. "கஞ்சி குடிச்சாராம். உப்பில்லாத கஞ்சி" என்றார்.

செல்லம்மா விருட்டென்று எழுந்தாள். "அப்ப அது எங்க வீட்டுக்காரரு இல்ல சார். உப்பில்லாம அவரு ஒரு வாய் வைக்க மாட்டாரு. இங்க உப்பே கிடைக்காதப்ப, மெர்போக் வரைக்கும் நடந்துபோய் உப்புத்தண்ணி எடுத்தாந்து காய்ச்சுனவரு. சரியாக் கேட்டீங்களா?" இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது.

"மறுபடி கேட்டுட்டு வர்றேன்மா" என்றார்.

அந்தத் தடவை அவர் திரும்பி வந்தபோது கோட்டு இல்லை. வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். நோட்டை என்னிடம் நீட்டவில்லை. தானே திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றதால் அந்த வரி எனக்குத் தெரிந்தது. 'கஞ்சியில் உப்பு இருந்தது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் பாலிங் ஆள். இனி இதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று அழுதார்.'

செக்ரட்டரி அதைப் பார்த்தபடியே, "கஞ்சியில் உப்பு இருந்தது" என்று படித்தார். மேலே படிக்கவில்லை.

"அப்ப அவருதான்" என்று சொல்லி செல்லம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

செக்ரட்டரிக்கு முகம் வெளுத்தது. மிச்ச வரியையும் படிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் நோட்டை மூடினார்.